ஒரே ஒரு மேட்ச் ஜெயிக்கட்டும்

எங்கள் வீட்டில் ‘நம்ம டீம்’ என்று ஒன்று இருந்தது. அந்த டீமில் நம் ஊர்க்காரர் ஒருவர்கூடக் கிடையாது என்பதை நான் கண்டுபிடித்தபோது எனக்குப் பத்து வயது.

அப்பா பிறந்து வளர்ந்தது மலேசியாவில், பினாங்குக்கு எதிர்க்கரையான பாகான் டாலாமில். இந்தியாவுக்கு அவர் போனது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, கோயில் சுற்றுலாவுக்கு. போன இடத்தில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கு நின்று, இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே பினாங்கு வந்து இறங்கியவர். ஆனால் டிவியில் அந்த நாட்டுக்காரர் ஒருவர் மட்டையைச் சுழற்றிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தால் போதும், “நம்ம பையன் வந்துட்டான்” என்று நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவார். பூப்பந்து என்றால் மலேசியா நம்ம டீம். கிரிக்கெட் என்றால் இந்தியா நம்ம டீம். அதெப்படி என்று கேட்டேன். மலேசியா டெஸ்ட் மேட்ச் ஆடுவதில்லை, வேறு என்ன செய்யச் சொல்கிறாய் என்றார். அப்படியென்றால் பனிச்சறுக்குக்கு எந்த நாடு நம்ம டீம் என்று கேட்டேன். போய்ப் படி என்றார்.

டெஸ்ட் மேட்ச் என்பது என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்குச் சொல்கிறேன். அது ஐந்து நாள் நடக்கும். நடுவில் சாப்பாட்டுக்குப் போவார்கள், டீ குடிக்கப் போவார்கள், வெளிச்சம் போதவில்லை என்று வீட்டுக்கே போவார்கள். இதையெல்லாம் ஒரு பந்துகூட விடாமல் பார்ப்பவர்கள் எங்கள் வீட்டில் இருந்தார்கள். என்னுடைய கார்ட்டூன்களை எல்லாம் அந்த ஐந்து நாள்களும் விழுங்கிவிடும். வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில் நம்ம டீம் ஆஸ்திரேலியாவுக்குப் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டதுமே எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் வீடு பினாங்கு ஜெலுத்தோங்கில் நாலாவது மாடி பிளாட். கீழே கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்று இருந்தது. வீட்டுக்கு முன்னால் பொது நடைபாதை. அதைப் பார்த்தபடி ஹாலில் ஒரு ஜன்னல், கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கும் பழைய ஜன்னல். பட்டறை வேலை நேரத்தில் அந்த ஜன்னலை யாரும் தொடக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். திறந்தால் சாய நெடி வீடு முழுக்க ஏறி, சோற்றில்கூட மணக்கும். அம்மா பல விஷயங்களில் விட்டுக்கொடுப்பார், இதில் மட்டும் கிடையாது.

கிரிக்கெட் பார்க்க ஹாலில் மூன்று பேர் கூடுவார்கள். அப்பா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுபவர். காலையும் மாலையும்தான் வேலை, நடுப்பகல் முழுக்க ஓய்வு, கிரிக்கெட்டுக்கென்றே பார்த்து வாங்கிய வேலை மாதிரி. இரண்டாவது ஆள் எதிர் வீட்டுப் பாய். கீழே டீயும் சாப்பாடும் விற்கும் ஒட்டுக்கடை வைத்திருந்தார். மேட்ச் இருக்கும் நாள்களில் கடையை மகன்களிடம் விட்டுவிட்டு டீ கிளாஸோடு மேலே வந்துவிடுவார். யார் அவுட் ஆனாலும் “நான் அப்பவே சொன்னேன்” என்பார். எப்போது, யாரிடம் சொன்னார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மூன்றாவது ஆள் மாமா, அம்மாவின் தம்பி. அம்மா கல்யாணமாகி வந்தபோது பாத்திரம் பண்டங்களோடு சேர்ந்து வந்தவர், அப்படியே எங்கள் வீட்டுச் சின்ன அறையில் தங்கிவிட்டார். தொழிற்சாலையில் மிஷின் பழுது பார்க்கும் வேலை. என்னை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர், வரும் வழியில் கடலைத்தூள் தூவி மடித்த ஆப்பம் பாலிக் வாங்கித் தருவது அவர், ஆண்டு தொடக்கத்தில் என் பாடப் புத்தகங்களுக்கு ஒரு சுருக்கம் இல்லாமல் பிளாஸ்டிக் உறை போட்டுத் தருவதும் அவர். அப்பா உறை போட்டால் புத்தகத்தைத் திறக்க முடியாது.

இந்த மூன்று பேரும் ஒரே டீமுக்குத்தான் கைதட்டினார்கள். பிறகு எதற்கு இவ்வளவு சண்டை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். எதிரெதிர் டீமாக இருந்தால் அடித்துக்கொள்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. இவர்கள் தங்கள் பக்கத்து ஆட்களைத் தாங்களே திட்டி, திட்டியவரை இன்னொருவர் திட்டி, கடைசியில் டிவியில் என்ன நடக்கிறது என்பதையே கோட்டைவிட்டுவிட்டு, ரீப்ளே போட மாட்டானா என்று தவிப்பார்கள்.

முதல் ஆட்டம் மெல்பர்னில். அந்த வாரத்தில்தான் மாமாவுக்கு விசா வந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஒரு சுரங்கக் கம்பெனியில் வேலை, தைப்பூசம் கழிந்ததும் போய்ச் சேர வேண்டும். மாமா செய்தியைச் சொன்னார். அம்மா “அப்படியா, சரி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார். அப்பா ஸ்கோர் என்ன என்று பாயிடம் கேட்டார். அவ்வளவுதான். ஒரு மனிதர் நாட்டைவிட்டே போகிறார், வீட்டில் அதைப் பற்றி அதற்குமேல் பேச்சே இல்லை. எனக்குத்தான் இரவெல்லாம் கேள்விகள். இனி யார் என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவது? புத்தகங்களுக்கு யார் உறை போடுவது? எல்லாவற்றையும்விட, அப்பா கோபப்படும்போது யார் கண்ணடித்து என்னைச் சிரிக்க வைப்பது?

நம்ம டீம் முதல் ஆட்டத்தில் நன்றாக உதை வாங்கியது. ஐந்தாவது நாளுக்கு வேலையே வைக்கவில்லை. அன்று ஹாலில் நடந்தது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மாமா தரையில் உட்கார்ந்து, என் கணிதப் புத்தகத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்.

“சொந்த ஊர்ல நல்லா அடிப்பானுங்க அத்தான். பந்து கொஞ்சம் எகிறுற எடத்துக்குப் போனா மட்டைய எங்க வைக்கிறதுன்னே தெரியாது.”

“போயி எறங்கி எத்தன நாள்டா ஆச்சு? பிட்ச் பழக வேணாமா?” என்றார் அப்பா.

“இவனுங்க பழகுறதுக்குள்ள சீரீஸ் முடிஞ்சிரும்.”

“அந்த ஓப்பனிங் ஜோடிய மாத்தணும். நான் அப்பவே சொன்னேன்” என்றார் பாய்.

அப்பாவுக்குத் தோற்ற எரிச்சல். அதை இறக்கி வைக்க ஆள் கிடைத்துவிட்டது. “ஒனக்கென்னடா மச்சான். இன்னும் ஒரு மாசத்துல அங்க போயி அவனுங்களோட ஒக்காந்து கைத்தட்டப் போற. இப்பவே பழகிக்கிற போல.”

மாமா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவருக்குச் சட்டென்று கோபம் வராது, வந்தால் காது மட்டும் சிவக்கும். “எங்க போனாலும் இதான் என் டீம். ஆனா இந்த டீம் அங்க ஜெயிக்காது.”

“ஜெயிக்கும்.”

“ஜெயிக்கட்டும் அத்தான். ஒரே ஒரு மேட்ச் ஜெயிக்கட்டும், நான் போகல. டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு இங்கயே கெடக்குறேன்.”

“எல்லாரும் கேட்டுக்குங்க லா” என்றார் பாய்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது. நான் உறை போட்ட கணிதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் ஒருவர், சாட்சியை வைத்துக்கொண்டு, தன் வாயால் சொல்லியிருக்கிறார். எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து நான் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்தேன்.

இரண்டாவது ஆட்டம் சிட்னியில். பள்ளி திறந்துவிட்டது, ஆனால் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம், ஒரே பெருமை. மகளுக்கு விளையாட்டில் ருசி வந்துவிட்டது என்று பாயிடம் சொல்லிக்கொண்டார். அன்று எனக்கு விழுந்த முதல் அடி, ‘டிரா’ என்ற ஒன்று இருக்கிறது என்று தெரிந்தபோதுதான்.

“இன்னிக்குப் பூரா கட்டையப் போட்டு நின்னா போதும். டிரா ஆயிரும்” என்றார் அப்பா.

“அப்படின்னா யாரு ஜெயிச்சதுப்பா?”

“யாரும் ஜெயிக்கல.”

ஐந்து நாள். வெயிலில் நின்று, சாப்பிட்டு, டீ குடித்து, மறுபடி நின்று, கடைசியில் யாரும் ஜெயிக்கவில்லை என்று கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்களாம். அதைப் பார்த்துக் கைதட்டவும் வேண்டுமாம். இவர்களுக்கு வேறு பிழைப்பே இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமா சொன்னது டிரா இல்லை, ஜெயம். அப்பா ஒவ்வொரு பந்துக்கும் “நில்லு, நில்லு” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் மனத்துக்குள் “அடி, அடி” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அடிக்கவும் இல்லை, நிற்கவும் இல்லை. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது, கடைசி ஆட்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போனார்கள். அப்பா ரிமோட்டைச் சோபாவில் எறிந்தார். பாய் நடுவர்களின் கண்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். மாமா கணித்தபடியேதான் நடந்திருக்கிறது, நியாயமாக அவர் குதித்திருக்க வேண்டும். ஆனால் எழுந்து கீழே போய், ஏற்கெனவே கழுவியிருந்த மோட்டாரை மறுபடி கழுவினார். நான் நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த டீமின் மேல் இருந்த கோபத்தை என்னவென்று சொல்வது! பதினொரு தடிமாடுகள், ஒரு ஆட்டம் ஜெயித்துக் கொடுக்கத் துப்பில்லை.

மூன்றாவது ஆட்டம் பெர்த்தில். மாமா போகப்போகிற அதே ஊர். அந்த மைதானத்தில் பந்து எல்லா ஊரையும்விட வேகமாக எகிறுமாம். மூன்று நாளில் முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் ஆட்டம் நடந்த நாள்களில் பள்ளிவிட்டு வந்ததும் சாமி படத்தின் முன்னால் நின்றேன். தைப்பூசம் நெருங்கும் நேரம், முருகனுக்கு ஆயிரம் பேரின் வேண்டுதல் காத்திருக்கும் என்று தெரியும். அதனால் நீட்டி முழக்காமல், “இன்னும் ரெண்டு விக்கெட்” என்கிற மாதிரி சுருக்கமாகவே கேட்டுக்கொண்டேன்.

நம்பினால் நம்புங்கள், அந்த ஆட்டத்தில் நம்ம டீம் விளையாடியது.

நாலாவது நாள் சனிக்கிழமை. ஆஸ்திரேலியாக்காரர்கள் பெரிய ஓட்டக் கணக்கைத் துரத்திக்கொண்டிருந்தார்கள், விக்கெட்டும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஒரு தட்டில் கச்சாங் பூத்தே கொட்டிக் கொடுத்து ஹாலில் வைத்துவிட்டு வரச் சொன்னார். முறுக்குத் துண்டும் வறுத்த கடலையுமாக நான் அடுப்படி வாசலைத் தாண்ட ஒரு காலை எடுத்து வைத்த அந்த நேரத்தில் எட்டாவது விக்கெட் விழுந்தது.

“அசையாத!” என்று பாய் கத்தினார். “புள்ள நிக்கிற எடம் ராசியான எடம். அங்கயே நிக்கட்டும்.”

அப்பாவும் திரும்பிப் பார்த்து, “ஆமா, அப்படியே நில்லு” என்றார்.

ஒரு கால் ஹாலில், ஒரு கால் அடுப்படியில், கையில் தட்டு. இதுபோன்ற மடத்தனங்களை மற்ற நாள்களில் நான் மதித்ததே இல்லை. ஆனால் அன்று தேவைப்பட்டது என் மாமா. நின்றேன்.

அதற்குப் பிறகு விக்கெட்டே விழவில்லை. களத்தில் இருந்த இருவரும் பந்து போடுவதற்காக டீமில் எடுக்கப்பட்டவர்கள். அவர்கள் பாட்டுக்கு மட்டையைச் சுழற்ற, பந்து பாட்டுக்கு எல்லைக்கு ஓடியது. என் கால் மரத்தது. தட்டு கனத்தது. அப்பாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளைக் கேட்டு அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டு, கடைசி இரண்டு பேரை எடுக்கத் தெரியவில்லை என்றால் அழுவதா, அடிப்பதா?

பாய்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். எட்டாவது விக்கெட் விழுந்ததும் மாமா வேலை முடிந்து, தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்திருந்தார். அந்த நிமிடத்திலிருந்துதான் ஓட்டங்கள் வர ஆரம்பித்தன.

“புள்ளையோட ராசிய இவன்தான் கெடுக்குறான்” என்றார் பாய்.

அப்பா யோசிக்கவே இல்லை. “மச்சான், எந்திரி. வெளிய போ.”

“மானா போலே அத்தான்! நான் என்ன பண்ணேன்?” என்று மாமா சிரித்தார். எப்படிச் சரியாகும் என்று மலாயில் கேட்டவர், கேட்டுக்கொண்டே எழுந்தும் விட்டார்.

“வெளிய போடான்னா.”

மாமா நடைபாதைக்குப் போனார். அப்பா கதவைச் சாத்திவிட்டு, அவரும் பார்க்கட்டும் என்று ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளைத் திறந்துவிட்டார். சனிக்கிழமையும் பட்டறை உண்டு. சாய நெடி குப்பென்று உள்ளே வந்தது.

“யாரு ஜன்னலத் தொறந்தது?” என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்.

“அஞ்சு நிமிசம், அஞ்சே நிமிசம்!”

கொஞ்ச நேரத்தில் ஒன்பதாவது விக்கெட் விழுந்தது. பாய் மேலே கையைத் தூக்கினார். மாமா ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் பட்டை பட்டையாகத் தெரிந்தது. “உள்ள வராத! வந்த, காலை ஒடிச்சிருவேன்!” என்று அப்பா கத்தினார். மாமா வரவில்லை. இன்னும் சில ஓவர்கள். பிறகு கடைசி ஸ்டம்பும் பறந்தது.

அப்பா பாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். பாய் சின்ன ஆள் இல்லை. நான் தட்டை அப்படியே விட்டேன், கடலை ஹால் முழுக்க ஓடியது. அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தார். விக்கெட்டுக்கும் ஓவருக்கும் வித்தியாசம் தெரியாதவர், கொட்டிக் கிடந்த கடலையைப் பார்க்கவே இல்லை.

“ஜெயிச்சிட்டாங்களா?” என்று என்னைக் கேட்டார்.

“ஜெயிச்சிட்டாங்கம்மா!”

“நெசமாவா?” என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

நான் மரத்த காலை இழுத்துக்கொண்டு நடைபாதைக்கு ஓடினேன். மாமா இன்னும் கம்பியைப் பிடித்தபடியே நின்றிருந்தார். கத்தவும் இல்லை, குதிக்கவும் இல்லை.

“மாமா, ஜெயிச்சிட்டோம்! நீங்க போகல!”

நான் கேள்வியாகக் கேட்கவில்லை, தீர்ப்பாகத்தான் சொன்னேன். என் குரல் திறந்த ஜன்னல் வழியாக ஹாலுக்குள் நன்றாகவே கேட்டிருக்கும், ஏனென்றால் உள்ளே சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. டிவிக்காரர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். மாமா கண்ணாடிப் பட்டைகள் வழியாக அப்பாவைப் பார்த்தார். அப்பா டிவியைப் பார்த்தார். பாய், டீ ஆறிப்போச்சு, கடைக்குப் போகணும் என்று முனகிக்கொண்டே எங்களைத் தாண்டி இறங்கிப்போனார்.

மாமா என் தலையில் கை வைத்தார். “ஆமா பாப்பா, ஜெயிச்சிட்டாங்க” என்றார்.

ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் கண் சிவந்திருந்தது. சாய நெடி.

அடுத்த சில நாள்கள் நான் நிம்மதியாக இருந்தேன். சின்ன அறையில் பெரிய பெட்டி திறந்து கிடந்தது, துணிகள் கட்டிலில் பரப்பிக் கிடந்தன. பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் வைக்கிறார் என்றுதான் நினைத்தேன். தைப்பூசத்தன்று அம்மா பால்குடம் எடுத்தார், அதற்கு முன்பு எடுத்ததில்லை. டீம் ஜெயித்ததற்குத்தான் நன்றி செலுத்துகிறார் என்று நானும் பக்தியோடு கூட நடந்தேன். மாமா தண்ணீர்ப் பந்தல்களில் மோர் வாங்கி வாங்கி எனக்குக் கொடுத்தார்.

மறுநாள் பினாங்கில் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதில்லை, எல்லாருக்கும் கால் வலி. என்னையும் எழுப்பிக் குளிப்பாட்டி, பாயின் வேனில் ஏற்றினார்கள். வேன் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் போய் நின்றபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

“டிக்கெட்டக் கிழிக்கலையா?” என்று கேட்டேன்.

மாமா என் உயரத்துக்குக் குனிந்தார். “அது சும்மா பேச்சுக்குச் சொன்னது லா, பாப்பா.”

“அப்ப நான் அவ்ளோ நேரம் தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னது?”

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அவருடைய பையைத் திறந்து, சம்பல் போத்தலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்து, மறுபடி சுற்றிக்கொண்டிருந்தார். அப்பா மாமாவின் தோளில் தட்டி, “பிட்ச் பழக கொஞ்ச நாள் ஆவும்டா. பொறுமையா நில்லு” என்றார். இந்த நேரத்திலும் கிரிக்கெட்டா என்று எனக்கு அப்பாவின் மேல் வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை.

எனக்கு இப்போது மாமாவின் அன்றைய வயது. அந்தச் சபதத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அங்கே போனால் நம்மாட்களுக்குக் கால் ஊன்றாது என்று அடித்துப் பேசியவரும் மாமாதான், அங்கே போக டிக்கெட் எடுத்தவரும் மாமாதான். அவருக்குப் பயம். போவதா இருப்பதா என்று தானே முடிவு செய்யப் பயந்து, அதை முன்பின் தெரியாத பதினொரு பேர் தலையில் கட்டினார். அவர்கள் தோற்றுக்கொண்டே இருந்திருந்தால், அவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக விமானம் ஏறியிருப்பார். அவர்கள் ஜெயித்துத் தொலைத்தார்கள். அதன் பிறகு அக்காவை விட்டுவிட்டு அவர் தானாகத்தான் போக வேண்டியிருந்தது. ஜெயிக்க வேண்டும் என்று அவருக்காக முருகனை நச்சரித்தவள் நான்.

மாமா இன்னும் பெர்த்தில்தான் இருக்கிறார். டெஸ்ட் நடக்கும்போது அப்பாவுக்கு வீடியோ போன் வரும். போன வருடம் ஒரே புலம்பல். “அத்தான், நம்ம விக்கெட் விழுந்தா என் பையன் எந்திரிச்சு நின்னு கைத்தட்டுறான். கேட்டா, ‘டாட், ஆஸ்திரேலியாதானே நம்ம டீம்’ங்குறான்.” அப்பா இருமல் வரும்வரை சிரித்தார். பாய், நான் அப்பவே சொன்னேன் என்றார்.

ஆனால் நான் சொல்ல வந்தது மாமா விமானம் ஏறிய அந்த வியாழக்கிழமையைப் பற்றித்தான். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வந்தோம். நாலாவது ஆட்டம் அன்றுதான் தொடங்கியிருந்தது. அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் டிவியைப் போட்டார். நம்ம டீம் மட்டை பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், போய் ஜன்னல் பட்டைகளை முழுக்கத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கீழே பட்டறை மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. நெடி மூக்கைத் துளைத்தது.

நான் போய் ஜன்னலை மூடினேன்.

“தொறந்து வை” என்றார் அப்பா.

“வெளிய யாரும் இல்லையேப்பா.”

“தொறந்தே கெடக்கட்டும்.” நான் மறுபடி திறந்தேன்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தார். இன்று அப்பா நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளப் போகிறார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். அம்மா ஜன்னலைப் பார்த்தார். அருகில் போய், நான் மூடியதில் சரியாகத் திறக்காமல் சிக்கி நின்ற ஒரு பட்டையைக் கையால் தள்ளித் திறந்தார். பிறகு வந்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, டிவிக்கு முன்னால் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நம்ம ஆளு யாரு?” என்று கேட்டார். அப்பா விரலால் காட்டினார்.

இந்த வீட்டில் யாருக்குமே புத்தி சரியில்லை என்று எனக்கு அன்று உறுதியாகிவிட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.